‘நம்புகிறார்கள்’ என்று எழுதாமலிருக்கக் கற்ற கதை

ஆய்வேட்டின் இரண்டாம் இயலை நெறியாளரிடம் கொடுத்திருந்தேன். பதினோரு நாள் கழித்துத் திரும்பி வந்தது. பெரிய திருத்தம் எதுவும் இல்லை. ஒரே ஒரு சொல்லைச் சுற்றி மட்டும் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். முதல் பக்கத்தில் மூன்று, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மறுபடி மூன்று. உட்கார்ந்து எண்ணினேன். மொத்தம் 41 வட்டங்கள். அத்தனைக்குள்ளும் இருந்தது ‘நம்புகிறார்கள்’ என்ற வினைச்சொல். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

சமயமும் பண்பாடும் குறித்த முதுகலைப் படிப்பில் நான் உண்மையில் என்ன கற்றேன் என்று யாராவது கேட்டால் அந்த வட்டங்களைப் பற்றித்தான் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் யாரும் அப்படிக் கேட்பதில்லை. ‘உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா’ என்றுதான் முதலில் கேட்பார்கள். அடுத்து, ‘இதைப் படித்த பிறகும் இருக்கிறதா’ என்பார்கள். அப்புறம் கொஞ்சம் தயங்கி, ‘இதற்கு வேலை கிடைக்குமா’ என்பார்கள். மூன்றுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் முதல் இரண்டிலும் அதே சொல் உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். சமயம் என்றாலே ஒருவர் மனதுக்குள் எதையோ நம்புவது என்று நாம் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். நானும் அப்படி எண்ணித்தான் இந்தப் படிப்பில் சேர்ந்தேன்.

அந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1870-இல் மொழியறிஞர் மாக்ஸ் முல்லர் லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் நான்கு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். மொழிகளை ஒப்பிட்டு ஆராய ஒரு அறிவியல் இருப்பதுபோல சமயங்களுக்கும் ஒன்று வேண்டும் என்பது அவர் வாதம். ‘ஒன்றை மட்டும் அறிந்தவன் ஒன்றையும் அறியாதவன்’ என்ற வாக்கியம் அங்கே சொன்னதுதான். மொழிகளைப் பற்றி ஜெர்மன் கவிஞர் கதே சொன்னதை அவர் சமயத்துக்கு மாற்றிக்கொண்டார். அடுத்த ஆண்டே, 1871-இல், மானிடவியலாளர் எட்வர்டு டைலரின் ‘தொல்பண்பாடு’ நூல் வந்தது. பண்பாடு என்றால் என்ன என்பதற்கு இன்றும் எல்லாப் பாடத்திட்டத்திலும் முதலில் வைக்கப்படும் வரையறை அதன் முதல் பக்கத்தில் இருக்கிறது. அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் என்று சமூகத்தின் உறுப்பினராக மனிதர் பெற்றுக்கொள்ளும் எல்லாமும் சேர்ந்த முழுமை அது. சமயத்துக்கும் அதே நூலில் ஒரு குறைந்தபட்ச வரையறை தருகிறார்: ஆவி வடிவான உயிர்களில் நம்பிக்கை. என் படிப்பின் பெயரில் இருந்த இரண்டு சொற்களுக்கும் ஒரே நூல், ஒரே ஆசிரியர், இரண்டு வரையறையிலும் ‘நம்பிக்கை’. என் 41 வட்டங்களும் டைலரிடமிருந்து எனக்கு வந்த சொத்து என்று இப்போது தோன்றுகிறது.

டைலரை மறுத்தவர்கள் பட்டியல் நீளமானது. முக்கியமானவர் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம். 1912-இல் அவர் சமயத்தைப் புனிதம் என ஒதுக்கி வைக்கப்பட்டவற்றைச் சுற்றி அமைந்த நம்பிக்கைகளும் செயல்களும் என்றார். அவை மக்களை ஒரே அறச் சமூகமாகப் பிணைக்கின்றன என்றார். ஆஸ்திரேலியப் பழங்குடிகளைப் பற்றிய அந்த நூலை அங்கே போகாமலே எழுதினார் என்பது வேறு விஷயம். ஆனாலும் தனிமனிதரின் மண்டைக்குள்ளிருந்து சமயத்தை வெளியே எடுத்து, கூடி நின்று செய்யும் காரியமாக வைத்தது பெரிய திருப்பம். முதல் பருவத்தில் இதைப் படித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. கூட்டத்தின் நடுவே நின்று பாடும்போது ஏன் உடம்பு சிலிர்க்கிறது என்பதை ஒருவர் நேருக்கு நேராகக் கேட்டிருக்கிறாரே என்ற வியப்பு.

ஜெர்மன் இறையியலாளர் ருடால்ஃப் ஓட்டோவைப் படித்த வாரம் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. புனிதத்தைப் பற்றி 1917-இல் வெளிவந்த அவரது நூலின் தொடக்கத்திலேயே, ஆழ்ந்த சமய உணர்வு ஒன்றை நினைவுக்குக் கொண்டுவர முடியாதவர்கள் இதற்குமேல் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார். அனுபவம் இல்லாதவருக்கு இந்தத் துறையில் இடம் இல்லையா என்று ஒரு தரப்பு கொதித்தது. இசை கேட்காதவர் இசையை ஆராய முடியுமா என்றது மறு தரப்பு. இரண்டு மணி நேரம் ஓடியது, முடிவு எட்டவில்லை. அந்த வாக்குவாதத்தை நான் இன்னும் மனதுக்குள் தொடர்ந்துகொண்டிருக்கிறேன்.

இந்தப் படிப்பில் சேர விரும்புகிறவர்கள் ஒரு வேறுபாட்டை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. இறையியல் வேறு, சமயவியல் வேறு. இறையியல் ஒரு மரபுக்குள் நின்று அதன் உண்மைகளை ஆராய்வது. சமயவியல் அந்த மரபைக் கடைப்பிடிக்கும் மனிதர்களையும் அவர்களது பிரதிகள், சடங்குகள், பொருட்கள், அமைப்புகளையும் ஆராய்வது. இரண்டும் மதிப்புள்ளவை, ஒன்றை எதிர்பார்த்து இன்னொன்றில் சேர்ந்தவர்கள்தான் பாவம். சமயவியல் தனித் துறையாகப் பல்கலைக்கழகங்களில் பரவியது 1960-களில்தான். 1963-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பொதுப் பள்ளிகளில் பைபிள் வாசிப்பை வழிபாடாக நடத்தக்கூடாது என்று ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், சமயத்தைப் பற்றிக் கல்வியாகச் சொல்லித்தருவதற்குத் தடையில்லை என்பதையும் தெளிவுபடுத்தியது. அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் துறைகள் பெருக அது ஒரு காரணம். இங்கிலாந்தில் 1967-இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் நினியன் ஸ்மார்ட் சமயவியல் துறையைத் தொடங்கினார். சடங்கு, கதை, அனுபவம், கோட்பாடு, அறம், அமைப்பு, பொருள்வடிவம் என்று ஏழு கூறுகளாகச் சமயத்தைப் பார்க்கச் சொன்னவர் அவர். அந்த ஏழில் கோட்பாடு ஒன்றே ஒன்று என்பதை நான் வெகுநாள் கவனிக்கவில்லை.

ஒரு விண்ணப்பதாரருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மொழியை முதல் வாரமே தொடங்குங்கள். சமஸ்கிருதமோ பாலியோ அரபியோ எபிரேயமோ திபெத்தியமோ, உங்கள் பொருளுக்கு எது தேவையோ அது. மொழிபெயர்ப்பை வைத்து ஓட்டிவிடலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் எல்லோரும் இரண்டாம் ஆண்டில் வருந்தினார்கள். நானும் ஒருவர். வேலையைப் பொறுத்தவரை, கற்பித்தல், அருங்காட்சியகம், ஆவணக்காப்பகம், இதழியல், சமூகப்பணி என்று என்னோடு படித்தவர்கள் பல திசைகளில் போனார்கள். நேராக ஒரே வாசலில் கொண்டுபோய் விடும் படிப்பு இல்லை. தெரிந்தே சேருங்கள்.

சரி, வட்டங்களுக்கு வருகிறேன்.

நெறியாளரைப் பார்க்கப் போனபோது அவர் என் இயலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சார்டு ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களைப் பற்றி 1937-இல் எழுதிய நூலிலிருந்து ஒரு பகுதியை மறுபடி படித்து வரச் சொன்னார். வெயிலுக்கு ஒதுங்கித் தானியக் குதிரின் அடியில் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். குதிர் சரிந்து அவர்கள்மேல் விழுகிறது. சூனியம் என்கிறார்கள் அசாண்டே மக்கள். இங்கே வாசகர் நிறுத்திவிட்டு, ‘சூனியத்தில் நம்பிக்கையுள்ளவர்கள்’ என்று குறித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிடலாம். நான் அதைத்தான் செய்திருந்தேன். ஆனால் எவன்ஸ்-பிரிட்சார்டு மேலே போகிறார். குதிரின் கால்களைக் கரையான் அரித்தது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கரையான் அரித்தால் மரம் இற்றுப்போகும் என்பதும் தெரியும். வெயிலில் மனிதர்கள் நிழல் தேடுவார்கள் என்பதும் தெரியும். அவர்கள் கேட்பது வேறொன்று: இந்தக் குறிப்பிட்ட மனிதர்கள் அடியில் இருந்த அந்த நேரத்தில் பார்த்து இந்தக் குதிர் ஏன் விழ வேண்டும்? இரண்டு நிகழ்ச்சிகள் ஒரு கணத்தில் வந்து சந்தித்ததற்கு நாம் ‘தற்செயல்’ என்று ஒரு சொல்லைப் போட்டு நகர்ந்துவிடுகிறோம். அவர்கள் நகர மறுக்கிறார்கள்.

அதே நூலில் இன்னொன்று சொல்கிறார். அங்கே வாழ்ந்த காலத்தில் தன் வீட்டுக் காரியங்களையும் அவர்களைப் போலவே குறிகேட்டு நடத்தினாராம். வீட்டை நடத்த அது மற்ற எந்த முறைக்கும் குறைவாக இல்லை என்று பதிவு செய்திருக்கிறார். அவர் அதை நம்பினாரா? அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று வெகுநேரம் யோசித்தேன். செய்தார் என்பது உறுதி. செய்தது பயன்பட்டது என்பதும் உறுதி. ‘நம்பினார்’ என்று எழுதினால் பொய், ‘நம்பவில்லை’ என்று எழுதினாலும் ஏதோ விடுபடுகிறது. 1956-இல் ஆப்பிரிக்காவின் இன்னொரு இனமான நூயர் மக்களின் சமயத்தைப் பற்றி எழுதிய நூலில் அவரே, ‘நான் நம்புகிறேன்’ என்பதற்கு ஈடான சொல் நூயர் மொழியில் இல்லை என்று குறிப்பிடுகிறார். 1972-இல் இன்னொரு மானிடவியலாளர் ராட்னி நீதம் இந்த ஒரு வினைச்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு முழு நூலே எழுதினார். எல்லா மனிதருக்கும் பொதுவான மனநிலையாக நம்பிக்கையை எடுத்துக்கொள்ள நமக்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்பது அவர் கேள்வி. மானிடவியலாளர் தலால் அசாத் 1993-இல் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார். சமயத்தின் மையம் அகத்திலுள்ள நம்பிக்கை என்ற எண்ணமே குறிப்பிட்ட ஒரு கிறித்துவ வரலாற்றிலிருந்து கிளைத்தது, அதை உலகத்துக்கெல்லாம் அளவுகோலாக வைக்க முடியாது என்றார்.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் தொல்காப்பியத்தின் உரியியல் வேறு ஏதோ காரணத்துக்காகக் கைக்கு வந்தது. அதில் ஒரு நூற்பா: ‘நம்பும் மேவும் நசையாகும்மே.’ நம்பு என்பதற்கு அங்கே பொருள் நசை, அதாவது விருப்பம். ஒரு கூற்றை உண்மை என்று ஒப்புக்கொள்வதற்கும் அந்த நம்புதலுக்கும் தொடர்பு இல்லை. ஒன்றின்மேல் ஆசை வைப்பது, அதை நாடுவது. நாம் நம்பிக்கை என்று மொழிபெயர்க்கும் ‘பிலீஃப்’ என்ற ஆங்கிலச் சொல்லும் பழைய காலத்தில் ‘நேசத்துக்குரியதாகக் கொள்வது’ என்ற பொருளில்தான் வழங்கியது என்று சமயவியலாளர் வில்ஃப்ரெட் கான்ட்வெல் ஸ்மித் 1970-களில் எழுதியிருந்ததை அதற்கு முந்தின நாள்தான் படித்திருந்தேன். நான் 41 இடங்களில் பயன்படுத்திய சொல்லுக்குள்ளேயே இப்படி ஒரு வழி இருந்திருக்கிறது, பிறந்ததிலிருந்து பேசும் மொழியில். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் களம் ஒரு மருத்துவமனையின் பொது வழிபாட்டு அறை. எந்த ஒரு சமயத்துக்கும் உரியதல்ல. நாற்காலிகள், ஒரு மூலையில் விரிப்புகள், மங்கலான விளக்கு, சுவரில் எந்தப் படமும் இல்லை. ஒரு மேசைமேல் நோட்டுப் புத்தகம், வருகிறவர்கள் வேண்டுதல் எழுத. ஐந்து மாதங்கள், வாரத்தில் நான்கு நாட்கள் அங்கே உட்கார்ந்திருந்தேன். வாசலில் என் பெயரும் ஆய்வின் நோக்கமும் எழுதிய அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. பேச விரும்புகிறவர்களிடம் மட்டும், எழுத்துவழி ஒப்புதல் பெற்றுப் பேசினேன்.

ஒப்புதல் என்பதை வெறும் படிவமாகத்தான் முதலில் நினைத்தேன். நெறிமுறைக் குழுவின் முன்னால் உட்கார்ந்தபோது அந்த எண்ணம் போனது. அந்த நோட்டுப் புத்தகத்தை மேற்கோள் காட்ட அனுமதி கேட்டிருந்தேன். ஆய்வுக்கு அதைவிடச் செழிப்பான ஆதாரம் இல்லை என்று வாதாடினேன். குழுவில் ஒருவர் அமைதியாகக் கேட்டார்: “அதில் எழுதுகிறவர்கள் உங்களுக்கா எழுதுகிறார்கள்?” அனுமதி கிடைக்கவில்லை. அவர்கள் சொன்னது சரி. அந்தப் பக்கங்களில் இருப்பதில் ஒரு வரியைக்கூட நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இந்தத் துறையில் மறக்கக்கூடாத ஒரு நிகழ்ச்சி உண்டு. 1954 டிசம்பரில் பெருவெள்ளம் வந்து உலகம் அழியும் என்று எதிர்பார்த்த ஒரு சிறு குழுவை அமெரிக்காவில் உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கரும் அவரது சகாக்களும் ஆராய்ந்தார்கள். தாங்களும் நம்புகிறவர்கள்போல நடித்துத்தான் ஆய்வாளர்கள் உள்ளே போனார்கள். 1956-இல் வெளிவந்த அந்த நூல் உளவியலில் மிகவும் புகழ்பெற்றது. இன்று அப்படி ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்டு போனால் எந்தக் குழுவும் லேசில் ஒப்புதல் தராது. இதைப் படிக்கும்போது எனக்கு மணிமேகலை நினைவுக்கு வந்தாள். வஞ்சி நகரில் அளவைவாதி தொடங்கிப் பூதவாதி வரை பத்துப் பேரிடம் ஒவ்வொருவராகப் போய், உங்கள் கொள்கையைச் சொல்லுங்கள் என்று கேட்கிறாள். சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை என்று அதற்குப் பெயர். ஒப்பீட்டுச் சமயவியலின் ஒரு பருவப் பாடம் முழுவதும் அங்கே நடந்துவிடுகிறது. ஆனால் அவளும் மாறுவேடத்தில்தான் போகிறாள். ஆண் துறவி வடிவில். இளம்பெண்ணாகப் போனால் யாரும் மதித்துப் பேச மாட்டார்கள். அவளுக்கு அந்த வேடம் ஏன் வேண்டியிருந்தது என்பதும், ஃபெஸ்டிங்கரின் ஆட்களுக்கு ஏன் வேண்டியிருந்தது என்பதும் ஒன்றாக எனக்குப் படவில்லை. வலிமை யார் பக்கம் இருந்தது என்பதில் வித்தியாசம் இருக்கிறது. இதைப் பற்றி ஒரு கருத்தரங்கக் கட்டுரை எழுதினேன், நான் எழுதியவற்றில் எனக்குப் பிடித்தது அதுதான். பெரும்பாலும் கேட்டுக்கொண்டே போகும் மணிமேகலை, பூதவாதியிடம் வந்ததும் மட்டும் வாய்திறந்து மடக்குகிறாள்: கண்ணால் காண்பதைத் தவிர வேறு எதையும் ஏற்காதவரே, உம் தாய் தந்தை இன்னார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தீர்? கேட்டுக்கொண்டே இருப்பதற்கும் ஒரு எல்லை உண்டு என்று காப்பியம் சொல்வதாக நான் படிக்கிறேன்.

கேள்விகளை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போ என்பதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்ட முறை. கடவுள் உண்டா இல்லையா என்பதைப் பற்றி ஆய்வாளர் ஒரு முடிவும் சொல்லாமல் நிற்க வேண்டும் என்றார் ஸ்மார்ட். சமூகவியலாளர் பீட்டர் பெர்கர் 1967-இல் இன்னும் கடுமையாக, ஆய்வில் நாத்திகராக நடந்துகொள்ள வேண்டும் என்றார். வகுப்பறையில் இதை என்னால் செய்ய முடிந்தது. அந்த அறையில் முடியவில்லை. பக்கத்தில் ஒருவர் குலுங்கிக் குலுங்கி அழும்போது, குறிப்பேட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டு, மனதில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருக்க என்னால் ஆகவில்லை. சில நாட்களில் நானும் வேண்டிக்கொண்டேன். யாரிடம் என்று கேட்காதீர்கள். அதையும் களக்குறிப்பில் எழுதினேன். நெறியாளர் அந்த இடத்தில் வட்டம் போடவில்லை.

அங்கே தினமும் மாலையில் ஒருவர் வருவார். அவர் மனைவி தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். கதவுக்கு எதிரான கடைசி நாற்காலி அவருடையது. நாற்பது நிமிடம், சில நாள் ஒரு மணி நேரம். நான் அவருக்குப் பின்பக்கச் சுவரோரம் உட்கார்ந்திருப்பேன். மூன்றாவது வாரம் அவராகவே வந்து பேசினார். இந்த அறையில் எதற்காக அமர்கிறீர்கள் என்று கேட்டேன். கேட்கும்போதே, பிரார்த்தனை, ஆறுதல் என்று எந்தத் தலைப்பின்கீழ் போடுவது என்று மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.

“நான் எதையும் நம்புகிறவன் கிடையாது,” என்றார். “அவள் உள்ளே இருக்கிறாள். நான் வேறு எங்கே போய் உட்காருவது?”

என் பழைய இயலில் அவருக்கு இடமே இல்லை. நம்புகிறவர்கள், நம்பாதவர்கள் என்று நான் போட்டிருந்த இரண்டு பெட்டிகளில் அவரை எதிலும் வைக்க முடியாது. ஆனால் அந்த அறையை அவரைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்தவர் யாரும் இல்லை. இரண்டாம் இயலை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். யார் எப்போது வந்தார், எங்கே உட்கார்ந்தார், கைகளை எங்கே வைத்தார், என்ன சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார், எவ்வளவு நேரம் இருந்தார். மூன்று மாதம் பிடித்தது. புதிய இயலில் ‘நம்பு’ என்ற வினை ஒரே இடத்தில்தான் வருகிறது, அது அவர் வாயிலிருந்து வந்தது.

ஒரு சமயத்தைப் பற்றிச் சொல்லப்படும் எந்தக் கூற்றும் அந்தச் சமயத்தவர் ஒப்புக்கொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும் என்று கான்ட்வெல் ஸ்மித் 1959-இல் ஒரு விதி சொன்னார். அதை அப்படியே ஏற்க முடியாது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அதிகாரம் உள்ளவர்கள் ஒப்புக்கொள்ளாத உண்மைகளும் உண்டல்லவா? ஆனாலும் என் ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் அந்த மனிதரைப் பற்றிய ஆறு பக்கங்களை அவருக்கு அனுப்பினேன். அவர் மனைவி அதற்குள் வீடு திரும்பியிருந்தார். இங்கே இதை எழுதலாமா என்றும் அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரே ஒரு இடம் தவறு என்றார். மூன்றாவது பக்கத்தில், ‘கண்களை மூடி அமர்ந்திருந்தார்’ என்று நான் எழுதியிருந்தேன்.

“நான் கண்ணை மூடவே இல்லை. கதவுக்குக் கீழே வெளிச்சம் தெரியும், பார்த்திருப்பீர்கள். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் கூப்பிட யாராவது வந்தால் முதலில் அங்கேதான் நிழல் விழும்.”

அந்த வாக்கியத்தை மாற்றிவிட்டு ஆய்வேட்டை ஒப்படைத்தேன்.